எவ்வளவு நேரம் தாங்கும்

செப்டம்பர் 8, திங்கள்

காலை 92. மாலை 90.

இந்த இரண்டு எண்களை மட்டும் தினமும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என் கணவரின் விரலில் மாட்டும் கருவி காட்டுகிற ஆக்சிஜன் அளவை அப்படியே எழுதினால் போதும். அதற்கு ஒரு முழு டைரி தேவையில்லைதான். பேட்டரி கம்பெனி ஒன்று புத்தாண்டுக்குக் கொடுத்தது என் மேசைக்குள் வெறுமனே கிடந்தது, எடுத்துக்கொண்டேன். எண்களுக்குக் கீழே நிறைய இடம் மிச்சமிருக்கிறது.

அலுவலகத்தில் மதியம் கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கவில்லை. கீச்சென்று நீளமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்தது, அதனோடு சர்வரும். பழைய நில அளவைப் படங்களைக் கணினியில் திரும்ப வரைந்து கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி, பத்துக் கணினிகள், எல்லாருடைய வேலையும் போய்ச் சேருகிற ஒரு சர்வர். அது திடீரென்று அணைந்ததில் ஒரு கிராமத்தின் வடக்குப் பகுதி முழுவதும் காணாமல் போய்விட்டது. வரைந்த பெண்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலாளி தணிகாசலம் சார் என்னைக் கூப்பிட்டார். வாடகை, வருகைப் பதிவு, தண்ணீர் கேன் என்று நிர்வாகம் முழுவதும் பார்ப்பவள் நான். "நீதான் பிசிக்ஸ் படிச்ச புள்ள. எவ்ளோ பெருசு வாங்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்லும்மா" என்றார். நாற்பத்தாறு வயதில் என்னைப் புள்ள என்று சொல்ல அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கிராமம் காணாமல் போன கதையை இவரிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடி, மூக்கில் குழாயோடு கேட்டுக்கொண்டிருந்தார். "மூச்சு உடாம பேசற. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

காலை 89. மாலை 88.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. அவருடைய நுரையீரல் இளநீர்த் தேங்காய் முற்றுவதுபோல உள்ளே நார் பாய்ந்து இறுகிக்கொண்டு வருகிறது. இப்படித்தான் எனக்குப் புரிகிறது. டாக்டர் வேறு வார்த்தை சொல்வார். இப்போதுள்ள ஆக்சிஜன் மெஷின் போதாது, இரண்டு மடங்கு தருகிற பெரிய மெஷினை வாடகைக்கு எடுங்கள் என்றார். பிறகு என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

காரில் திரும்பும்போது இவர் கேட்டார். "தனியா என்னா சொன்னாரு?"

"மருந்து மாத்தறாங்களாம்."

"அதுக்கா வராந்தா?"

கிருமாம்பாக்கம் தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலமே பெரிய மெஷின் வந்தது. வீட்டு இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தோம். உள்ளே கம்ப்ரஸர் கிளம்பும்போதே இன்வெர்ட்டர் கத்தி நின்றுவிட்டது. ஆகவே கரண்ட் போனால் இனி தலைமாட்டில் நிற்கும் ஒரே ஒரு சிலிண்டர்தான். முழுதாகத் திறந்தால் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். நிரப்பித் தருகிறவர் சிப்காட் பக்கம் இருக்கிறார், சொல்லிவைத்தால் மறுநாள் வருவார். வீட்டுக்கென்று ஒரு யுபிஎஸ் வாங்குகிற நிலையில் நாங்கள் இப்போது இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

செப்டம்பர் 15, திங்கள்

காலை 91. மாலை 89.

அலுவலகத்தில் ஒவ்வொரு பொருளின் பின்னாலும் குனிந்து லேபிளைப் படித்து, எத்தனை வாட் என்று எழுதினேன். சர்வர், அதற்குப் பக்கத்துப் பெட்டிகள், மோடம், கேமராக்கள், பத்துக் கணினிகள். கூட்டி, வருங்காலத்துக்கென்று கால் பங்கு சேர்த்து, வாட்டை யுபிஎஸ்ஸின் அளவான விஏவாக மாற்ற 0.8ஆல் வகுத்தேன். காலேஜ் விட்டு இருபத்தைந்து வருஷம் ஆனாலும் கை மறக்கவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நிஜாமுதீன் பின்னாலேயே வந்தான். இவரிடம் ஸ்கூலில் கபடி கற்றவன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"லேபிள்ல போட்டிருக்கறது அது உச்சத்துல இழுக்கறதுக்கா. நெசத்துல பாதிகூட வராது. எங்கிட்ட மீட்டர் இருக்குது, ஒயர்ல மாட்டுனா உடனே தெரிஞ்சிடும்."

பழைய யுபிஎஸ்ஸே போதும் என்பது அவன் கட்சி. லேசர் பிரிண்டரை அதிலிருந்து கழற்றிவிட்டு, சர்வருக்கு மட்டும் சின்னதாகத் தனியே ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது என்கிறான். பிரிண்டர் சூடாகும்போது இழுக்கிற இழுப்பில்தான் அன்றைக்குக் கவிழ்ந்ததாம்.

அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் அடுத்த வருஷம் ஆட்களை எடுத்தால் என்ன செய்வது? மீட்டர் வேண்டாம், லேபிள் கணக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கணக்குப் போடும்போது கூடுதலாகப் போடுவதுதான் பாதுகாப்பு.

லேபிள் கணக்குப்படி பழைய மூன்று கேவிஏ யுபிஎஸ் போதாது. ஆறு கேவிஏ வாங்க வேண்டும். அப்போது பழையது மிச்சமாகிவிடும்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை 90. மாலை 90.

யுபிஎஸ் விற்கும் கம்பெனியிலிருந்து பெனிட்டா என்கிற இன்ஜினியர் வந்தாள். பாண்டிச்சேரிப் பெண். ஸ்கூட்டரிலேயே வந்ததால் ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் தண்ணீர் கேட்டாள். என் கணக்கைப் பார்த்துவிட்டு, எத்தனை நேரம் தாங்க வேண்டும் என்று கேட்டாள். "ஆபீஸுக்கு ரொம்ப நேரம் தேவையில்ல மேடம். வேலைய சேவ் பண்ணி, சர்வர ஒழுங்கா மூடி வைக்கற அளவுக்கு இருந்தா போதும். யுபிஎஸ்ங்கறதே அதுக்குத்தான்."

மூடி வைப்பதற்காக இவ்வளவு செய்ய வேண்டுமா, ஓடிக்கொண்டே இருப்பதற்குத்தானே என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பேனாவை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

பிறகு பேச்சோடு பேச்சாக, மூன்று கேவிஏ யுபிஎஸ் ஒரு கம்ப்ரஸர் மோட்டாரைத் தாங்குமா என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல மோட்டார் எங்க மேடம் இருக்கு?"

"ஃபிரிட்ஜ்."

"ஃபிரிட்ஜ யாரு மேடம் யுபிஎஸ்ல போடுவாங்க?"

நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, தாராளமாகத் தாங்கும், கிளம்பும்போது மட்டும் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், மூன்று கேவிஏவுக்கு அது ஒன்றுமில்லை என்றாள். நாள் முழுக்க ஓடுகிற ஃபிரிட்ஜா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அப்ப பேட்டரிதான் மேடம் முக்கியம். பேட்டரி மேல என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீங்க. லோட போட்டு, மெயின அணைச்சிட்டு, அதுவா நிக்கற வரைக்கும் விட்டுப் பாக்கணும். எவ்ளோ நேரம் தாங்கும்னு அப்பதான் தெரியும். கணக்கெல்லாம் சும்மா."

செப்டம்பர் 24, புதன்

காலை 90. மாலை 87.

தணிகாசலம் சாரிடம் கணக்கைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "ஆறுதான் வேணுமா? யோசிச்சுத்தான சொல்ற?"

ஆமாம் சார் என்றேன். சரி என்று கையெழுத்துப் போட்டார். பழையதைக் கம்பெனிக்காரர்களே எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டார். அந்த இடத்தில் சொல்ல நான் ஒரு வாக்கியத்தை இரண்டு நாளாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "சார், அது எனக்கு."

அவர் அடுத்த கோப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "செங்குட்டுவன் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு சார்."

"எடுத்துக்கம்மா."

படியிறங்கும்போது நிஜாமுதீன் எதிரே வந்தான். வழக்கம்போலச் சிரித்தான். எனக்கென்னவோ அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. வெயில் கண்ணில் அடித்தது.

அக்டோபர் 1, புதன்

காலை 88.

ஆயுத பூஜை. அலுவலகத்தில் நேற்று மாலையே எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. சர்வருக்கு வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் லீவு, அதையும் நாம்தான் தர வேண்டும் என்றான் நிஜாமுதீன். பழைய யுபிஎஸ்ஸுக்கு நான்தான் பொட்டு வைத்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் பின்பக்கத்திலும் ஒன்று வைத்தேன்.

வீட்டில் குமுதவல்லி அண்ணி. இவருடைய அக்கா. பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதமாக எங்களோடு இருக்கிறார். தையல் மெஷின், அரிவாள்மனை, மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு ஆக்சிஜன் மெஷினுக்கும் வைத்தார். கற்பூரத் தட்டோடு உள்ளே வரப் போனவரை நான்தான் வாசலில் மறித்தேன். ஆக்சிஜன் இருக்கும் அறையில் நெருப்பு ஆகாது. அண்ணி ஹாலில் நின்றபடியே அறைக்குள் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினார்.

"எல்லா ஆயுதத்துக்கும் இன்னைக்கி ஓய்வுடா தம்பி. இது ஒண்ணுதான் ஓடிக்கினே கெடக்குது. பாவமாட்டம் இருக்குது" என்றார் இவரிடம்.

"அதுக்கு லீவு குடுத்தா எனக்கும் லீவுக்கா."

அண்ணி தட்டை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். கற்பூரப் புகை என்று சொன்னார்.

பூஜைத் தட்டில் இவருடைய விசில் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். இருபத்து மூன்று வருஷம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். அதை எங்கிருந்தோ தேடியெடுத்துக் கயிற்றை அலசி வைத்திருக்கிறார் அண்ணி.

அக்டோபர் 2, வியாழன்

காலை 89. மாலை 89.

பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்து ஒரு முறையாவது பயன்படுத்த வேண்டும் என்பது அண்ணியின் சட்டம். நான் டைரியில் எழுதினேன், அண்ணி ஒரு ஜாக்கெட் ஓரம் அடித்தார். விசிலை இவர் கையில் கொடுத்தார். இவர் அதை உதட்டில் வைத்தார். வைத்தபடியே ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லீவு நாள், யாரும் இல்லை.

"பசங்க வரட்டும்" என்று என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 8, புதன்

காலை 88. மாலை 86.

அலுவலகத்தில் புது யுபிஎஸ் வந்து மாட்டியாகிவிட்டது. எல்லாக் கணினிகளையும் போட்டு, சர்வரையும் ஓடவிட்டு, பெனிட்டா மெயினை அணைத்தாள். ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். முகப்பில் உள்ள திரை எவ்வளவு லோடு என்று காட்டுகிறது. இருபத்து மூன்று சதவீதம்.

நிஜாமுதீன் அதைக் குனிந்து பார்த்தான். "இன்னும் மூணு ஆபீஸ் ஓட்டலாம்" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நல்லதுதான்க்கா. நாளைக்கு உதவும்" என்றான்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை 87. மாலை 88.

பழைய யுபிஎஸ் வீட்டுக்கு வந்துவிட்டது. நிஜாமுதீன் தன் மாமாவின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். பெனிட்டாவும் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் சர்ச் முடித்து நேராக வந்தாள். எட்டு பேட்டரிகளில் மோசமான மூன்றைக் கழற்றிவிட்டு, வேறெங்கோ கழற்றிய நல்ல பேட்டரிகளைப் போட்டிருக்கிறாள். ஃபிரிட்ஜ் எங்கே என்று அவள் கேட்கவில்லை. மெஷினைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், ஒயரைச் சீவ ஆரம்பித்தாள்.

யுபிஎஸ்ஸின் சின்னத் திரை எப்போதோ செத்துவிட்டது. ஒரு பச்சை விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும்தான் மிச்சம். லோடு எவ்வளவு என்று அதில் தெரியாது.

"மீட்டர் பைலதான்க்கா இருக்கு. மெஷின் நெசமா எவ்ளோ இழுக்குதுன்னு பாத்துரலாமா?" என்றான் நிஜாமுதீன். சாரைக் கொஞ்ச நேரம் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு முழு டெஸ்டும் எடுத்துவிடலாம், நான் இருக்கிறேன் என்றாள் பெனிட்டா. ஆள் நடமாட்டத்தில் அவர் ஏற்கெனவே களைத்திருந்தார். சிலிண்டரையும் வீணாக்கக் கூடாது. இன்னொரு நாள் என்றேன். மெஷின் பின்னால் அறுநூறு வாட் என்று எழுதியிருக்கிறது. பேட்டரிகள் பாதிதான் தேறும் என்று வைத்தேன். இரண்டரை மணி நேரம் வந்தது. அது எனக்குப் போதும். தெரிந்துகொள்ளாமல் இருக்கவில்லை, கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

போகும்போது நிஜாமுதீன் இவர் காலருகே உட்கார்ந்து பழைய கபடிக் கதைகளைப் பேசினான். பாடிக்கொண்டே ஏறிப் போவானாம், பாதியில் மூச்சு விட்டுவிடுவானாம், இவர் விசிலடித்து வெளியே அனுப்புவாராம். "மூச்சு பத்தலன்னா போகாதடான்னு சொல்வீங்களே சார்" என்று சொல்லிச் சிரித்தவன், பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டான். இவர்தான் அவன் தோளைத் தட்டினார்.

அவர்கள் போனதும் கேட்டார். "ஆபீஸ்ல வேணாம்னு குடுத்தாங்களா, நீ வேணாம்னு ஆக்குனியா?"

"வேணாம்னுதாங்க குடுத்தாங்க."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"ராத்திரி பூரா தாங்கும்."

"டெஸ்ட் பண்ணியாச்சா?"

"ஆச்சு."

"ஸ்டாப்வாட்ச் இல்லாம ஓடுன ஓட்டத்த நான் கணக்குல சேக்க மாட்டேன், கோதை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்டோபர் 20, திங்கள்

காலை 86. தீபாவளி. வெடிப் புகை உள்ளே வராமல் ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துணி அடைத்தோம்.

அக்டோபர் 27, திங்கள்

காலை 87. மாலை 85.

கரண்ட் பத்து நிமிஷம் போனது. யுபிஎஸ் நொடிக்கொரு தரம் பீப் என்றது, மெஷின் நிற்கவில்லை. நான் அலுவலகத்தில் இருந்தேன். அண்ணி போன் செய்து, "ஒம் பொட்டி வேல செய்யுது கோதை" என்றார். கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

நவம்பர் 10, திங்கள்

காலை 86. மாலை 79.

புயல். நேற்றிலிருந்தே துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருந்தார்கள். அலுவலகம் விடுமுறை. புயல் நெருங்கியதும் மதியம் மின்வாரியமே முன்னெச்சரிக்கையாகக் கரண்ட்டை நிறுத்திவிட்டது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போன முறை நான்கு நாள் ஆனது. கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதாம். சிலிண்டர்காரர் இரண்டு நாளைக்கு வர வழியில்லை என்றார். சிலிண்டரில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக இருந்தது.

யுபிஎஸ் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. முதல் மணி நேரம் எனக்குப் பயமில்லை. இரண்டாவதிலிருந்து ஒவ்வொரு பீப்பும் கழுத்தில் அடித்தது. இரண்டரை மணி நேரக் கணக்கு. மிச்சத்தை இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனதும் மெஷினை நிறுத்திவிட்டு இவரைச் சிலிண்டருக்கு மாற்றினேன். நிமிஷத்துக்கு ஏழு லிட்டர் தேவைப்படுகிறவருக்கு மூன்று லிட்டர்தான் திறந்தேன். அப்படித் திறந்தால்தான் சிலிண்டர் நெடுநேரம் வரும்.

"அது நல்லா ஓடிட்டுதான இருந்துச்சு" என்றார்.

"அது ராத்திரிக்கு வேணுங்க."

"ராத்திரி பூரா தாங்கும்னியே."

நான் சிலிண்டர் திருகைச் சரிபார்த்தேன். என் முகத்தையே பார்த்தார். "சரி. நீ சொன்னா சரி" என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு முடியவில்லை. தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்கார வைத்து, அண்ணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டோம். விலா எலும்புகளுக்கு நடுவே சதை குழிந்து குழிந்து எழுந்தது. உதட்டின் நிறம் மாறியது. வெளியே வேப்ப மரம் முறிந்து விழுந்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை, அப்புறம்தான் பார்த்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது. புயல் வடக்கே தள்ளிப் போய்விட்டதாம்.

நல்ல வேளை, கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இல்லையென்றால் மெஷினையே நம்பி விட்டு வைத்து, பாதியில் அது நின்று, எல்லாம் கைமீறிப் போயிருக்கும்.

நவம்பர் 13, வியாழன்

காலை 82. மாலை 81.

அன்றைக்கு இறங்கிய எண் ஏறவில்லை. டாக்டரிடம் போனில் பேசினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரலாம், அல்லது வீட்டிலேயே இருக்கட்டும், உங்கள் விருப்பம் என்றார். இவர் வீடு என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

82. மைதானத்தில் பசங்க சத்தம். விசில் எங்கே என்று கேட்டார். அவர் கையில் கொடுத்தேன். பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

நவம்பர் 20, வியாழன்

காலை 78.

நவம்பர் 25, செவ்வாய்

வியாழக்கிழமை காலை. நல்ல வெயில் அடித்தது. கரண்ட் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு.

டிசம்பர் 7, ஞாயிறு

காரியம் முடிந்து அண்ணி இன்று ஊருக்குப் போனார். பேருந்து நிலையத்தில், "நீ ஒருத்திதான் அவனுக்கு எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செஞ்ச. மனசுல எதையும் வெச்சிக்காத" என்றார்.

வாடகைக்காரர்கள் ஆக்சிஜன் மெஷினை நாளை மறுநாள் எடுத்துப் போகிறார்கள். அதே மெஷின் பண்ருட்டியில் ஒரு வீட்டுக்குப் போகிறதாம். அந்த வீட்டுப் பெண், பேர் ரேணுகா, என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள். அவளுடைய அப்பாவுக்கு. உங்களிடம் யுபிஎஸ்ஸும் இருக்கிறதாமே, தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எவ்ளோ நேரம்க்கா தாங்கும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவளிடம் ராத்திரி பூரா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டரை மணி என்றும் வரவில்லை. அது வெறும் கணக்கு.

டிசம்பர் 8, திங்கள்

காலையில் குளித்துவிட்டு மெஷினைப் போட்டேன். அவருக்கு வைத்த அதே ஏழு லிட்டரில் வைத்து, குழாயைக் கட்டிலின் மேல் போட்டேன். அலமாரியிலிருந்து அவருடைய ஸ்டாப்வாட்ச்சை எடுத்து, மெயினை அணைத்து, அழுத்தினேன். பின்னால் பள்ளியில் முதல் மணி அடித்தது.

பீப் சத்தம் ஆரம்பித்தது. அரிசி களைந்து உலை வைத்தேன். துணி துவைத்தேன். இரண்டு மணி நேரம் தாண்டியதும் ஈரக் கையோடு வந்து அறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். என் கணக்கு சரியாக இருக்கும். நின்றுவிட வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

இரண்டரை ஆனது. நிற்கவில்லை. பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்தது. நிற்கவில்லை. குழாயின் முனை கட்டில் விரிப்பில் புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டே இருந்தது. விரிப்பின் ஓர நூல் ஒன்று அதற்கு ஆடிக்கொண்டிருந்தது.

மெஷினுக்குப் பின்னால் குனிந்து லேபிளைத் திரும்பப் படித்தேன். அறுநூறு வாட். அது பொய் சொல்லவில்லை. உச்சத்தில் இழுப்பதை எழுதியிருக்கிறார்கள். நிஜத்தில் பாதிகூட வராது என்று நிஜாமுதீன் செப்டம்பரிலேயே சொன்னான். அலுவலகத்தில் மீட்டர் வேண்டாம் என்றது ஒரு காரணத்துக்காக. அது எனக்கு அப்போதே தெரியும். லேபிள் கணக்கை மற்றவர்கள் நம்புவதற்காகத்தான் போட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் நானே அதை நம்பிவிட்டேன்.

புயலன்று கரண்ட் போனது மதியச் சாப்பாட்டுக்குப் பின். வந்தது விளக்கு வைக்கும் நேரம். அவரை நான் மெஷினிலிருந்து எடுத்திருக்கவே வேண்டாம்.

ரேணுகா மறுபடி கூப்பிட்டாள். பீப் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும், அது என்னக்கா என்றாள்.

"அதுதாம்மா. ஓடுது. பயப்படாதீங்க. கரண்ட் போனா அப்பாவ அதுலயே உட்டு வைங்க. அதுவா நிக்கற வரைக்கும் எடுக்காதீங்க."

"எவ்ளோ நேரம் வரும்க்கா?"

"நெறைய நேரம் வரும்மா."

போனை வைத்தபோது பின்னால் மைதானத்தில் விசில் அடித்தது. புது பி.டி. மாஸ்டர். சாயங்காலப் பயிற்சிக்குப் பசங்களைக் கூப்பிடுகிறார். கட்டிலில் குழாய் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. ஸ்டாப்வாட்ச் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் நான் நிறுத்தவில்லை.